இரண்டு மருந்துகளும் மூன்று மரங்களும்

புற்றுநோய் மருத்துவத்துக்கென மலரும் இம்மலரில் ஒரு வேதியியல் ஆய்வகத்துக்கும் இடம் தந்தாக வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1958-இல் தோன்றிய ரிசர்ச் டிரையாங்கிள் இன்ஸ்டிடியூட்டின் இயற்கைப்பொருள் ஆய்வகம் அது. கேம்ப்டோதெசின், டாக்சால் என்னும் இரண்டு மூலக்கூறுகளும் அங்கேதான் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றின் வழிவந்த மருந்துகள் இன்றும் சினைப்பை, மார்பகம், பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களுக்குத் தரப்படுகின்றன.

ஆய்வகத்தை நிறுவிய மன்ரோ வால், அதற்குமுன் அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்தவர். கார்ட்டிசோன் தயாரிக்க உதவும் ஸ்டீராய்டுகளைத் தேடி ஆயிரக்கணக்கான செடிகளின் சாறுகளை ஆராய்ந்துவந்தார். அவற்றில் ஒரு பகுதியைத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தபோது, சீனாவிலிருந்து வந்த கேம்ப்டோதெகா மரத்தின் சாறு மட்டும் வியக்கத்தக்க வீரியம் காட்டியது. ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சி அவருடைய துறையின் வேலை அல்ல. 1960-இல் அவர் வட கரோலினாவுக்கு வந்து புதிய ஆய்வகத்தைத் தொடங்கியதற்கு அந்த மரமும் ஒரு காரணம். மகாராஷ்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்து, மும்பையில் படித்த மன்சுக் வானி 1962-இல் அவருடன் சேர்ந்தார். கடைசிவரை இருவரும் கூட்டாளிகள்.

அவர்களின் முறை பொறுமையை விலையாகக் கேட்பது. சாற்றை ஒன்றோடொன்று கலக்காத இரு கரைப்பான்களில் போட்டுப் பிரிப்பார்கள். பிரிந்த ஒவ்வொரு கூறையும் புற்றுசெல்களிலோ எலிகளிலோ சோதித்து, எதில் வீரியம் இருக்கிறதோ அதை மட்டும் மறுபடி பிரிப்பார்கள். இப்படித்தான் 1966-இல் கேம்ப்டோதெசினின் அமைப்பு வெளியானது. பசிபிக் யூ மரத்தின் பட்டையில் நடந்த வேலை இன்னும் கடினம். 12 கிலோ உலர்பட்டையிலிருந்து கிடைத்த தூய டாக்சால் ஏறத்தாழ அரை கிராம்தான். அதன் அமைப்பு 1971-இல் அச்சேறியது.

அந்த அரை கிராம் கணக்கை நான் இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யூ மரம் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் பழங்காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் மிக மெதுவாக வளர்வது. மரம் வெட்டுவோர் அதைப் பயனற்றதென்று கழிவோடு சேர்த்துக் கொளுத்திவந்தார்கள். 1962-இல் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே ஒரு மாதிரி சேகரித்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. 1979-இல் ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ், டாக்சால் செல்லின் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிப்பிடித்துச் செல் பிளவைத் தடுக்கிறது என்று காட்டினார். பத்தாண்டு கழித்துச் சினைப்பைப் புற்றுநோயில் மருந்து பலன் தந்தது. அதன்பின் பட்டைக்கு அடிதடி. நூறு வயது மரத்தின் பட்டையை உரித்தால் ஏறக்குறைய 300 மில்லிகிராம் மருந்து. ஒரு நோயாளிக்கு ஒரு வேளைக்குத்தான் போதும். பட்டை உரித்த மரம் பிழைக்காது. நோயாளியா மரமா என்ற கேள்வி 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவைப் பிளந்தது. யூ மரத்தைக் காக்கவும் மருந்துக்குப் பயன்படுத்தவும் 1992-இல் தனிச் சட்டமே வந்தது.

மரத்தைக் காப்பாற்றியது சட்டத்தைவிட வேதியியல்தான் என்பது என் கருத்து. பிரான்சில் பியேர் போத்தியே, ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலேயே டாக்சாலின் பெரும்பகுதியை ஒத்த பொருள் இருப்பதைக் கண்டார். இலை மறுபடி துளிர்க்கும், மரம் நிற்கும். ராபர்ட் ஹோல்டன் அப்பொருளிலிருந்து டாக்சால் தயாரிக்கும் வழியைச் செம்மைப்படுத்தினார். 1994-இல் அவ்வாறு தயாரான மருந்துக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. பின்னர் யூ மரத்தின் செல்களைத் தொட்டிகளில் வளர்த்தே டாக்சால் எடுக்கப்பட்டது.

கேம்ப்டோதெசினுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. அதன் கதை நம் மலைகளுக்கே வந்துசேர்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து, பிறகு மும்பையில் சிபா ஆய்வு மையத்தை நடத்திய டி.ஆர். கோவிந்தாச்சாரி, சக ஆய்வாளர் விஸ்வநாதனுடன் சேர்ந்து 1972-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறுமரம் ஒன்றில் கேம்ப்டோதெசின் தாராளமாக இருக்கிறது என்றது அது. மராட்டியர் நரக்யா என்று அழைக்கும் நோதபோடைட்டிஸ். பூவின் துர்நாற்றத்தால் எளிதில் அடையாளம் தெரியும். கேம்ப்டோதெசினின் வழிவந்த டோப்போடெகான், இரினோடெகான் ஆகிய மருந்துகள் 1996-இல் ஒப்புதல் பெற்றதும், இந்த மரத்தை வேரோடு பெயர்த்துச் சில்லுகளாக ஏற்றுமதி செய்யத் தொடங்கினர். பல காடுகளில் மரம் அருகிவிட்டது. 2005-இல் ஜம்மு ஆய்வாளர்கள் இம்மரத்தினுள் வாழும் ஒரு பூஞ்சையே கேம்ப்டோதெசின் உண்டாக்குவதை அறிவித்தார்கள். நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் பூஞ்சையைக் கொண்டு மட்டும் உலகத் தேவையைத் தீர்க்க இன்னும் முடியவில்லை.

2003-இல் அமெரிக்க வேதியியல் சங்கம் இந்த இரு கண்டுபிடிப்புகளையும் தேசிய வேதியியல் வரலாற்றுச் சின்னமாகப் போற்றியது. வால் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். வானி 2020 வரை இருந்தார். ஆய்வகத்தின் பெருமையைப் பேசும்போது, நரக்யாவையும் பேச வேண்டும். தண்டை வெட்டினால் அது மறுபடி தழைக்கும். வேரைத் தோண்டினால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. காட்டிலிருந்து வேர் எடுப்பதை நிறுத்தி, அதிகச் சத்துள்ள மரங்களைத் தேர்ந்து நாற்றங்காலில் வளர்த்து, தோட்டப்பயிராக்குவது வனத்துறையும் மருந்து நிறுவனங்களும் இன்றே செய்யக்கூடிய வேலை.