எல்லைச் சாவடியும் எழுத்தும்



அலோர் ஸ்டாரிலிருந்து வடக்கே சென்றால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடி வரும். ஹட்யாய் செல்லும் நம் தோட்ட மக்கள் பலரும் அறிந்த இடம். கெடா ஒரு காலத்தில் சயாமின் மேலாட்சியில் இருந்தது. 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன் வடக்கே எல்லைக்கோடும் விழுந்தது. கோடு விழுந்தால் சாவடி வரும். சாவடி வந்தால் சோதனை வரும்.

வரி கட்டாத சரக்கையும் போதைப்பொருளையும் தேடுவது அரசாங்கத்தின் கடமை. ஆனால் சரக்கைத் தேடும் கை எழுத்தையும் தேடத் தொடங்கினால் என்ன ஆகும்? அதே காலத்தில் தமிழகத்தில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

1908-இல் ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பி, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். ‘இந்தியா’ வார இதழும் அங்கிருந்து வெளிவந்தது. அங்கே அச்சகத்தை மூட ஆங்கிலேயருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அவர்கள் எல்லையை அடைத்தார்கள். இதழ் தம் பகுதிக்குள் நுழையத் தடை விதித்தார்கள். வாசகர்களோ பெரும்பாலும் எல்லைக்கு இப்பால் இருந்தார்கள். 1910 மார்ச்சில் இதழ் நின்றது. பாரதியார் 1918 நவம்பர் 20-ஆம் நாள் புதுச்சேரியை விட்டு வந்ததும் கடலூர் அருகே கைதானார்.

அன்று எல்லையில் தடுத்தது ஊரார் படிக்க அச்சிட்ட தாளை. இன்றோ பயணியின் சட்டைப்பையில் இருப்பது கைப்பேசி. குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு, மருத்துவர் சொன்னது, மகள் அனுப்பிய செய்தி யாவும் அதனுள்ளே. பெட்டியைத் திறப்பதும் அதைத் திறப்பதும் ஒன்றாகுமா?

கைதானவரின் கைப்பேசியைப் பார்க்கக் காவலருக்கும் நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. எனினும் அந்நாட்டு எல்லையில் அதிகாரிகள் ஆணையின்றியே அதைச் சோதிக்கிறார்கள். நியூசிலாந்தின் 2018-ஆம் ஆண்டுச் சட்டமோ, சோதிக்க நியாயமான சந்தேகம் வேண்டும் என்கிறது. அதன்பின் கடவுச்சொல் தர மறுப்பவருக்கு 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கிறது.

காவல் இல்லாத எல்லை நாட்டுக்கு ஆகாது. காரணம் சொல்லாத சோதனை குடிமக்களுக்கு ஆகாது. பயணம் போகும் நாம் தேவையானதை மட்டும் எடுத்துச் செல்வோம். அதிகாரியிடம் பணிவாகப் பேசுவோம். பொருளை எடுத்துக்கொண்டால் காரணத்தைக் கேட்போம். எழுத்தில் ஒரு சீட்டும் கேட்டு வாங்குவோம். பணிவும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.