கால் எரிச்சலும் பிரஷர் மாத்திரையும்: ஒரு பழைய கதை

போன பொங்கலுக்கு உத்தமபாளையம் போயிருந்தப்போ, மாமா ஈரத் துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ராத்திரியானா திகுதிகுன்னு எரியுது மாப்ள. கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. எல்லாம் இந்த பிரஷர் மாத்திரை பண்ற வேலை. மூணு வாரமா நிப்பாட்டிட்டேன்" என்றார்.

நிப்பாட்டினது பெரிய தப்பு. ஆனால் அவர் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

நம்ம நாட்டு இரத்தக் கொதிப்பு மருந்தின் கதை சர்ப்பகந்தி வேரில் தொடங்குது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இரு வங்காளிகள் அதன் பலனைக் கட்டுரையாக எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிஸ் கம்பெனி சீபா அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சீபாவின் இன்னொரு மருந்தான ஹைட்ரலசினும் வந்தது.

ஹைட்ரலசின்தான் மாமாவின் சந்தேகத்துக்கு உண்மையான சாட்சி. 1950களிலேயே, அதை அதிக அளவில் சாப்பிட்ட சிலருக்குக் கை கால் மரத்துப்போவதாகவும் ஊசி குத்துவதுபோல் இருப்பதாகவும் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த மருந்து உடம்பிலுள்ள பி6 வைட்டமினோடு ஒட்டிக்கொண்டு அதைப் பயனில்லாமல் ஆக்கிவிடும். நரம்பு பட்டினி கிடக்கும். 1965இல் அமெரிக்காவில் ராஸ்கின், ஃபிஷ்மன் இருவரும் இதை விளக்கினார்கள்.

இந்த இடத்தில் சென்னை வருது. 1956இல் தொடங்கிய சென்னை காசநோய் மருந்தாய்வு மையத்தில் ஐசோனியசிட் மாத்திரையை வைத்து ஆய்வு நடந்தது. ஹைட்ரலசினுக்கு அது பங்காளி மாதிரி. ரெண்டும் ஹைட்ரசின் வகையறா. அங்கேயும் கால் எரிச்சல் வந்தது. கல்லீரல் மருந்தை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்குத்தான் அது அதிகம் என்று 1960லேயே கண்டார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில், தினம் 6 மில்லிகிராம் பைரிடாக்சின், அதாவது பி6, கொடுத்தால் எரிச்சலைத் தடுக்கலாம் என்றும் காட்டினார்கள். நம்ம ஊர் ஏழை நோயாளிகளிடம் கற்ற பாடம் அது.

நம்ம அப்பா தலைமுறைக்குத் தெரிந்த 'அடெல்ஃபேன் எசிட்ரெக்ஸ்' மாத்திரையில் ரெசர்பின், ஹைட்ரலசினின் சொந்தக்கார மருந்தான டைஹைட்ரலசின், நீர் பிரியும் மருந்து மூன்றும் சேர்ந்திருந்தன. டைஹைட்ரலசின் 10 மில்லிகிராம்தான் என்பதால் அதில் நரம்பு கெடும் வாய்ப்பு குறைவு.

சரி, மாமா சாப்பிட்டது எது? அம்லோடிபின். அது கணுக்காலை வீங்க வைக்கும். கால் கனமாக, இறுக்கமாக இருக்கும். அதையே பலர் நரம்புக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நரம்பையே கெடுப்பது அதன் வழக்கம் இல்லை. இன்னொரு மருந்து நேர் எதிராகவும் நடந்திருக்கு. 1998இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில், 41 சர்க்கரை நோயாளிகளில் ட்ரான்டோலபிரில் என்ற பிரஷர் மருந்தை 12 மாதம் எடுத்தவர்களுக்கு நரம்பின் வேகம் கொஞ்சம் மேம்பட்டது. ஆனால் எரிச்சல், மரப்பு என்ற தொல்லை குறைந்ததாகக் காட்ட முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரையால் நரம்பு ஏற்கனவே கெட்டவர்கள் பிரஷர் மாத்திரை சாப்பிட்டால், படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். அப்படி இருந்தால் டாக்டரிடம் உட்கார்ந்தபடியும் நின்றபடியும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமாவை மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் 190/110. டாக்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது, பத்து வருஷமா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது பல வருஷம் போனால் பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடியது. பரிசோதனையிலும் பி12 குறைவு. சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லை. அன்றைக்கு பி6 என்றால் இன்றைக்கு பி12. மாத்திரை மாறியது, வைட்டமின் கதை மாறவில்லை.

பிரஷர் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார், பி12 ஊசியும் போட்டார்கள். எரிச்சல் முழுசா போகலை. "முன்னைக்கு இப்போ தேவல மாப்ள" என்கிறார். ஈரத் துண்டு இன்னும் கொடியில்தான் தொங்குது, ஆனால் தினமும் தேவைப்படுவதில்லை.