சத்தம் போன 27 நிமிடம்

1976 செப்டம்பர் 23. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வால்நட் ஸ்ட்ரீட் தியேட்டர். அதிபர் ஜெரால்ட் ஃபோர்டும் அவரை எதிர்த்து நின்ற ஜிம்மி கார்ட்டரும் விவாதம் செய்கிறார்கள். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கார்ட்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே டிவியில் சத்தம் நின்றுவிட்டது. ஒலிக்கருவியில் கோளாறு. சரிசெய்ய 27 நிமிடம் ஆனது. படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மைக் மக்கர் பண்ணினால் நாம என்ன செய்வோம்? உட்காருவோம், பக்கத்தில் இருப்பவரிடம் ரெண்டு வார்த்தை பேசுவோம். இவர்கள் இருவரும் அவரவர் மேசைக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள். ஒருவர் பக்கம் ஒருவர் போகவில்லை, கை குலுக்கவும் இல்லை.

காரணத்தை பல வருஷம் கழித்து பத்திரிகையாளர் ஜிம் லேரரிடம் சொன்னார்கள். உட்கார ஆசைதான், ஆனால் ஒரு சின்ன கோளாறைக்கூட சமாளிக்கத் தெரியாதவர் மாதிரி தெரிந்துவிடுமோ என்று தயங்கினோம் என்றார் ஃபோர்ட். அந்தப் பதிவைப் பார்த்தபோது ரோபோ மாதிரி நின்றது வெட்கமாக இருந்தது என்றார் கார்ட்டர்.

இந்தப் பயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1960ல் கென்னடியோடு நடந்த முதல் டிவி விவாதத்தில், நிக்சன் வியர்வையைத் துடைத்ததை கேமரா காட்டிவிட்டது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு 16 வருஷம் அதிபர் வேட்பாளர்கள் இப்படி விவாதமே செய்யவில்லை. 1976தான் அடுத்தது.

பார்வை எப்போதும் நம்மை இறுக்கிவிடுவதில்லை. 1979ல் ராபர்ட் க்ராவுட், ராபர்ட் ஜான்ஸ்டன் என்ற இரு உளவியலாளர்கள் பௌலிங் ஆடுபவர்களைக் கவனித்தார்கள். நன்றாக ஆடியவர்கள்கூட கட்டைகளைப் பார்த்து நிற்கும்போது அதிகம் சிரிக்கவில்லை. நண்பர்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் சிரிப்பு வந்தது.

அப்போ நண்பர் பார்த்தால் முகம் மலர்கிறது, கேமரா பார்த்தால் ஏன் உறைகிறது? நண்பர் தப்பாகப் புரிந்துகொண்டால் உடனே அவர் முகத்தில் தெரியும், நாமும் சரிசெய்துகொள்ளலாம். கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று தெரிய வழியே இல்லை. அதனால் அசையாமல் நிற்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

அது வீண் பயமும் இல்லை. 1992ல் ரிச்மண்ட் விவாத மேடையில் ஜார்ஜ் புஷ் வாட்சைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சொன்ன பதில்களைவிட அந்த வாட்சைத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். தலைவர்கள் மேடையில் ரோபோ மாதிரி நிற்கிறார்களே என்று நாம சலித்துக்கொள்கிறோம். அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்ததில் பார்வையாளர்களான நமக்கும் பங்கு உண்டு.