வாசகர் எழுத்தாளராதல்: சித்திரக்கதை வசனமும் மொழிபெயர்ப்பும்

சித்திரக்கதை எழுத்தாளருள் பலர் முதலில் அவற்றின் தீவிர வாசகராக இருந்தவர்கள். வாசிப்பு எழுத்தாக மாறும் இடம் எது என்பதை, அமெரிக்க எழுத்தாளர் ராய் தாமஸின் தொடக்ககாலத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் எழுதிய நுழைவுத் தேர்வு மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது என்பதே இதன் கருத்து.

1940இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்த தாமஸ் சிறுவயதில் பெரிதும் விரும்பிப் படித்தது 'ஆல்-ஸ்டார் காமிக்ஸ்'. வெவ்வேறு இதழ்களில் உலவிய வீரர்களை 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்னும் குழுவாக ஒன்றுசேர்த்த இதழ் அது. 1951இல் அவ்விதழில் அக்குழுவின் கதைகள் நின்றன. தாமஸ் பள்ளிப் பருவத்திலேயே 'ஆல்-ஜயண்ட் காமிக்ஸ்' எனத் தாமே எழுதி வரைந்து நண்பர்க்கு வழங்கினார். அப்பெயரிலேயே முன்மாதிரியின் சாயல் தெரிகிறது. 1961இல் ஜெர்ரி பெய்ல்ஸ் 'ஆல்டர் ஈகோ' என்னும் ரசிகர் இதழைத் தொடங்கினார். 1964இல் அதன் ஆசிரியப் பொறுப்பைத் தாமஸ் ஏற்றார். அக்காலத்தில் அவர் பள்ளி ஆங்கில ஆசிரியர். கதைகளைச் சுவைத்தவர் அவற்றின் வரலாற்றை ஆய்ந்து எழுதுபவராக வளர்ந்த காலம் இது.

1965இல் நியூயார்க் சென்ற தாமஸ், டி.சி. நிறுவனத்தில் சில நாள்களே பணியாற்றினார். பின்னர் மார்வெல் நிறுவனத்தின் தேர்வை எழுதினார். ஜாக் கிர்பி வரைந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையின் நான்கு பக்கங்கள், வசனங்கள் நீக்கப்பட்டு அவரிடம் தரப்பட்டன. படத்திற்கேற்ற வசனத்தை அவர் எழுத வேண்டும். இது அந்நிறுவனத்தின் தொழில்முறையோடு பொருந்திய தேர்வு. அங்கே கதைச் சுருக்கத்தைப் பெற்று ஓவியர் பக்கங்களை வரைவார். அதன்பின் எழுத்தாளர் வசனம் அமைப்பார். தேர்வில் வென்ற தாமஸ், 1972இல் ஸ்டான் லீக்குப்பின் அந்நிறுவனத்தின் தலைமை ஆசிரியரானார். 1981இல் 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' தொடரில் தம் இளமைக்கால வீரர்களுக்கே புதுக் கதைகள் படைத்தார்.

பிறர் வரைந்த படம், மாற்றவியலாத கட்டம், அளவு வரையறுத்த வசனக்குமிழ் ஆகிய மூன்றும் மொழிபெயர்ப்பாளரின் மேசையிலும் உள்ளன. ஆங்கிலத்தில் இரு குமிழ்களாகப் பிரிந்த ஒரு வாக்கியத்தில் வினை முதற்குமிழிலேயே வந்துவிடலாம். தமிழில் அது இயல்பாக இறுதியில் நிற்கும். முகபாவமோ முதற்குமிழின் சொல்லுக்கேற்ப வரையப்பட்டிருக்கும். எனவே மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தைப் பிரித்துப் புதிதாக அமைக்க வேண்டியவராகிறார்.

1970களில் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' இதற்குத் தக்க சான்று. 'தி ஸ்டீல் க்ளா' என்னும் பிரிட்டானிய மூலப்பெயர் உலோகக் கையை மட்டுமே சுட்டுகிறது. தமிழ்ப்பெயரோ அக்கைக்குரியவனையும் அவன் மறையும் ஆற்றலையும் சேர்த்துச் சொல்கிறது. இச்சேர்க்கை மூலப்பெயரில் இல்லை, கதையில் உள்ளது.

மூலவசனத்தின் பொருளுக்குக் கட்டுப்படுவது மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமுள்ள கூடுதல் நிபந்தனை. இந்நிபந்தனை அவர்தம் பணியை எளிதாக்கவில்லை, கடினமாக்குகிறது. வசனமற்ற நான்கு பக்கங்களை நிரப்புதல் ஒருவரை எழுத்தாளர் என ஏற்கப் போதுமான அளவுகோலாயின், இதழ்தோறும் அதனைச் செய்யும் மொழிபெயர்ப்பாளரின் பெயரும் முதற்பக்கத்தில் இடம்பெறுதல் முறையாகும்.