பாலாறும் நம் பொறுப்பும்

கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றும் பாலாறு, 348 கி.மீ. கடந்து வயலூரருகே கடலில் கலக்கிறது. காஞ்சி மாநகரின் குடிநீர் நெடுங்காலமாக இவ்வாற்று மணலூற்றை நம்பியே வந்துள்ளது.

1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் உடன்படிக்கை, சென்னையின் இசைவின்றி மைசூர் இவ்வாற்றில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கலாகாது என்றது. நீரின் அளவைக் கருதிய அவ்வுடன்படிக்கையால் அதன் தூய்மையைக் காக்க இயலவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30இல் அதனையே மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது.

அத்தொழிலில் நம்மவர் பங்கு பெரிது. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்யும்போதும் நீரை விரயமாக்கலாகாது எனக் கற்பித்த நபி (ஸல்) அவர்களின் சமுதாயம், கெட்டுப்போன ஆற்றுக்கு என்ன பதில் சொல்லப்போகிறது?