அசோகர் கல்வெட்டில் தருமபுரி மன்னர்கள்! யார் இந்த 'சதியபுதோ'?

அசோகர் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியர் பெயர் இருப்பது பலருக்குத் தெரியும். ஆனா, அதே வரியில் நாலாவதா ஒரு பெயரும் இருக்கு: 'சதியபுதோ'. குஜராத்தின் கிர்னார் பாறையிலும் இதைப் பார்க்கலாம். மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவ வசதி செய்து கொடுத்ததா அசோகர் சொல்ற நாடுகளின் பட்டியல் அது.

யார் இவங்க? காஞ்சிபுரம்னு சிலர், துளு நாடுன்னு சிலர். பல வருஷம் ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு ஊரைக் கைகாட்டினாங்க.

1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை கிராமத்து குகையில் ஒரே ஒரு வரி கிடைச்சது. தமிழ் பிராமி எழுத்தில், 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பளி'. அஞ்சி கொடுத்த முனிவர் உறைவிடம் என்று அர்த்தம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே, அதே அதியமான்தான்! அவரோட தலைநகர் தகடூர், இன்றைய தருமபுரி.

தகடூர் மன்னர் பெயர் திருக்கோவிலூர் பக்கம் எப்படி? அந்த ஊரை அவர் போரில் வென்றதை புறநானூறு சொல்லுது.

ஒரு விஷயம், அசோகர் குறிப்பிட்டது அஞ்சியை இல்லை. அசோகர் காலம் கி.மு. 3-ம் நூற்றாண்டு. ஜம்பை எழுத்து கி.பி. 1-ம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவன் கணிப்பு. அப்படின்னா கிர்னார் பாறையில் இருப்பது அஞ்சியின் முன்னோர். 'சதியபுதோ' என்பது அந்தக் குடும்பத்தின் பட்டப்பெயர். சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டை இன்னும் அவங்க பெயரைத் தாங்கி நிற்குது.