வெள்ளைப்படுதல்: இயல்பும் நோயும் பிரிந்த வரலாறு

இயற்பியல் ஆசிரியனுக்கு வெள்ளைப்படுதலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். 1851ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஊசலைத் தொங்கவிட்டுப் பூமியின் சுழற்சியைக் காட்டிய ஃபூக்கோவை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் இளமையில் மருத்துவம் பயின்றவர். ஆல்ஃபிரட் டோனே என்ற மருத்துவரின் உருப்பெருக்கி வகுப்புகளில் உதவியாளராக இருந்தவர். உருப்பெருக்கியில் கண்டவற்றை ஒளிப்படம் எடுத்து, 1845ஆம் ஆண்டில் இருவரும் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டனர். அந்த டோனேயிடமிருந்துதான் நம் வரலாறு தொடங்குகிறது.

நம் வீடுகளில் இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. வெள்ளை பட்டாலே உடம்பின் சத்தெல்லாம் போய்விடுகிறது என்று அஞ்சுவது ஒன்று. "சூட்டினால் வந்தது, தானே போய்விடும்" என்று உண்மையான நோயையும் மறைத்து வைப்பது மற்றொன்று. முதலாவது வீண் கவலை. இரண்டாவது ஆபத்து.

டோனே கண்ட உயிரி

1836ஆம் ஆண்டில் டோனே, நோயுற்ற பெண்களின் யோனிக் கசிவில் ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். மெல்லிய இழைகளைச் சாட்டைபோல் வீசி நீந்தும் ஒற்றைச் செல் உயிரி ஒன்று அதில் தெரிந்தது. ட்ரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ் என்பது அதன் இன்றைய பெயர். அது நோய் தருவதா, தீங்கற்றதா என்று மருத்துவர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர். உடலுறவால் பரவி நோய் தருவது அது என்பதில் இன்று ஐயமில்லை. 1959ஆம் ஆண்டில் மெட்ரோனிடசோல் என்ற மருந்தின் பயன் தெரிந்த பிறகு, அதைக் குணப்படுத்துவது எளிதாயிற்று. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது; கணவனும் உட்கொள்ள வேண்டும். இல்லையேல் நோய் திரும்பி வரும்.

நலம் காக்கும் பாக்டீரியா

அப்படியானால் கசிவில் நுண்ணுயிர் தென்பட்டாலே நோய் என்று கொள்ளலாமா? கூடாது என்று காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன். பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலின் காரணத்தைத் தேடிய அவர், 1892ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நலமுள்ள பெண்களின் கசிவிலும் கோல் வடிவ பாக்டீரியாக்கள் நிறைந்திருந்தன. அவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, தீய கிருமிகள் பெருகாமல் தடுத்தன.

தயிரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலம்தான் இது! யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. 1909ஆம் ஆண்டில் டென்மார்க்கின் சோரென்சன் வகுத்த பி.எச். அளவுகோலில், பருவமடைந்த பெண்ணின் யோனிக் கசிவு வழக்கமாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும். பி.எச். 4 என்றால், 7 கொண்ட தூய நீரைவிட ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1000 மடங்கு என்று பொருள்.

துப்புக் கொடுத்த செல்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்ட்னரும் டியூக்ஸும், மீன் வாடையுடன் சாம்பல் நிறமாக வரும் கசிவை ஆராய்ந்தனர். அதில் பாக்டீரியாக்கள் அப்பிக் கிடந்த செல்களைக் கண்டு, அவற்றுக்குத் 'துப்புச் செல்கள்' என்று பெயரிட்டனர். ஒரே ஒரு பாக்டீரியாவே காரணம் என்பது அவர்கள் முடிவு. உண்மை அவ்வளவு எளிதன்று. லாக்டோபேசில்லஸ் குறைந்து பலவகைப் பாக்டீரியாக்கள் பெருகும்போதுதான் இந்நிலை வருகிறது, அமிலத்தன்மையும் குறைகிறது. எனவே 1983ஆம் ஆண்டில் ஆம்செல் குழுவினர் வகுத்த நான்கு அடையாளங்களில், பி.எச். 4.5க்கு மேல் இருப்பதும் ஒன்றாயிற்று.

நீங்கள் அறிய வேண்டியது

தெளிவாகவோ வெண்மையாகவோ, துர்நாற்றமும் அரிப்பும் இன்றி வரும் கசிவு இயல்பானது. இரு மாதவிலக்குகளுக்கு நடுவில் அது முட்டையின் வெள்ளைக்கரு போல் இழுபடும். கர்ப்ப காலத்தில் அதிகமாகும். சத்து எதுவும் வீணாவதில்லை.

திரிந்த பால் போல் கட்டி கட்டியாக, அரிப்புடன் வந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்ற காளானின் வேலை. இதில் அமிலத்தன்மை பெரும்பாலும் மாறுவதில்லை, ஆகவே பி.எச். தாளை மட்டும் நம்ப இயலாது. மீன் வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், நுரை, அடிவயிற்று வலி, காய்ச்சல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தம் கலந்து வந்தால், குறிப்பாக மாதவிலக்கு நின்றபின் வந்தால், ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். சோப்பாலும் கிருமிநாசினியாலும் உட்புறத்தைக் கழுவுவோரும் உண்டு. அது நலம் காக்கும் பாக்டீரியாக்களையே அழிக்கும், வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்து டோனே செய்த அதே சோதனையை இன்றும் செய்கிறார்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.